கிரெடிட் ஒன்று, தேர்வு இரண்டு



இலையுதிர்கால இதழ் அச்சுக்குப் போகும் வேளையில் எங்களுக்கு வரும் அஞ்சலில் பாதி கொலுப் படங்களும் தீபாவளி மலருக்கான சிறுகதைகளும்தான். மீதியில் பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக் கவலை. அதிலும் அமெரிக்காவில் பதினோராம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் வாசகர்கள் ஆண்டு தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. ஏ.பி. லாங் எடுக்கச் சொல்வதா, ஏ.பி. லிட் எடுக்கச் சொல்வதா? எதற்குக் கல்லூரியில் கிரெடிட் கிடைக்கும்?

கணிதத்தைப் பற்றி இப்படி யாரும் எழுதுவதில்லை. கால்குலஸிலும் இரண்டு ஏ.பி. உண்டு, ஆனால் எது முதல் படி, எது அடுத்த படி என்பது நம் வீடுகளில் பிள்ளை ஆறாம் வகுப்பைத் தாண்டுவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தப் படிக்கட்டு இல்லை. லாங்குவேஜ் ஒரு தேர்வு, லிட்டரேச்சர் ஒரு தேர்வு. ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றதற்குப் போகவேண்டும் என்று இத்தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு எங்கும் சொல்லவில்லை. அதனால்தான் குழப்பம்.

புதிதாக இந்த நாட்டுக்கு வந்திருப்பவர்களுக்காக இரண்டு வரி. ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பது உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரி முதலாண்டுத் தரத்தில் பாடம் நடத்தி, மே மாதத்தில் நாடு முழுவதற்கும் பொதுவாக ஒரு தேர்வு வைக்கும் ஏற்பாடு. 1950-களின் நடுவில் தொடங்கியது. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வாங்கினால் தேறியதாகக் கொள்ளலாம், ஆனால் அதற்கு என்ன தருவது என்பதை அந்தந்தக் கல்லூரி முடிவு செய்யும். ஆங்கிலத் தேர்வுகள் இரண்டுமே 2025 மே முதல் கணினியில்தான் நடக்கின்றன. கையெழுத்து மோசம் என்ற பழைய வருத்தம் இனிமேல் வேண்டாம்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று விளக்க முயல்வதைவிட, ஒரே ஆண்டின் இரண்டு வினாத்தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். 2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு லாங் தாளில் மூன்று கட்டுரைகள். முதலாவது காற்றாலைகள் பற்றியது. ஆறு சான்றாவணங்களைக் கொடுத்து, ஓர் இடத்தில் பெரிய காற்றாலைப் பண்ணை அமைக்கலாமா என்று முடிவெடுப்பவர்கள் எதையெல்லாம் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று கேட்டார்கள். அவற்றில் மூன்றையாவது கையாண்டு மாணவர் தன் வாதத்தைக் கட்டவேண்டும். (கோடை விடுமுறையில் நாகர்கோவில் தாத்தா வீட்டுக்குப் போகும் வழியில் முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி இனித்திருக்கும்.) இரண்டாவதாக வந்தது, 1930 மார்ச்சில் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதம். உப்புச் சட்டத்தை மீறப்போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்த அதே கடிதம். அடுத்த மாதம் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தாரே, அந்தக் கதையின் முன்னுரை. தன் வாதத்தை எடுத்துவைக்க காந்தி என்னென்ன உத்திகளைக் கையாள்கிறார் என்று எழுதவேண்டும். மூன்றாவதில் படிக்கக் கொடுத்த பகுதி எதுவுமில்லை. உலகத்தில் அளவுக்கு மீறிப் புகழப்படுவதாக நீ நினைக்கும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாதாடு, அவ்வளவுதான்.

அதே ஆண்டு லிட் தாளுக்கு வாருங்கள். முதல் கட்டுரை பி. கே. பேஜ் என்ற கனடியப் பெண் கவிஞரின் கவிதை மீது. குடியிருப்பவர்களின் ஒவ்வொரு அசைவையும் உற்றுக் கவனித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரம்மாவைப் பற்றிய கவிதை அது. அவளைக் கவிஞர் எப்படித் தீட்டியிருக்கிறார் என்று கேள்வி. இரண்டாவது, வில்லியம் டீன் ஹவல்ஸ் 1885-இல் வெளியிட்ட நாவலில் இருந்து ஒரு பகுதி. மூன்றாவது கட்டுரைக்கு வித்து வி. எஸ். நய்பாலின் 2004-ஆம் ஆண்டு நாவல் ஒன்றில் வரும் கருத்து: உலகை இலட்சியக் கண்ணோடு பார்ப்பதில் ஆபத்து இருக்கிறது. அப்படிப் பார்க்கும் பாத்திரம் ஒன்றை, நீ படித்த நாவலிலிருந்தோ நாடகத்திலிருந்தோ நீயே எடுத்துக்கொண்டு எழுது.

ஒரு பக்கம் காற்றாலையும் காந்தியும், மறுபக்கம் வீட்டுக்காரம்மாவும் இலட்சியவாதியும். இந்த இரண்டு தாள்களையும் உங்கள் மகனிடமோ மகளிடமோ கொடுத்து, எதை எழுதப் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பழைய கட்டுரைக் கேள்விகளைக் காலேஜ் போர்டே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. கவுன்சிலர் சொல்வதையும் பக்கத்து வீட்டு அக்கா சொல்வதையும் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

நமக்குப் பழகிய ஒன்றை வைத்தும் சொல்லலாம். சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை இரண்டு தேர்வுகளிலும் வைத்ததாகக் கற்பனை செய்துகொள்வோம். லாங் ஆசிரியர் கேட்பார்: கண்ணகி தன் வழக்கைச் சொல்வதற்கு முன் புறாவுக்காகத் தன்னைத் தந்த சோழனையும், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் ஏன் இழுக்கிறாள்? ஒரு பாண்டியன் முன்னால் நின்று சோழர் நீதியைப் பேசுவது கேட்பவனை என்ன செய்யும்? சிலம்பு என்ற சான்றை எடுத்தவுடனே உடைக்காமல், அரசன் வாயாலேயே தன் மனைவியின் சிலம்பில் முத்து என்று சொல்லவைத்த பிறகு உடைப்பது ஏன்? லிட் ஆசிரியரோ வேறு பக்கம் போவார். காதை ஏன் கோப்பெருந்தேவியின் தீய கனவோடு தொடங்குகிறது? புகாரில் காலில் இருந்த அணி மதுரையில் கையில் ஏந்திய சான்றாக மாறும்போது அதன் பொருள் எப்படி மாறுகிறது? தெறித்த மாணிக்கம் தரையில் விழாமல் அரசன் முகத்தில் படுவதாக இளங்கோ அமைத்ததன் காரணம் என்ன? நூல் ஒன்றுதான். ஒருவர் வாதத்தைப் படிக்கிறார், மற்றவர் வடிவத்தைப் படிக்கிறார். கூர்ந்து படிக்கத் தெரியாத பிள்ளை இரண்டிலுமே திணறும்.

அமைப்பிலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் லாங்கில் 45, லிட்டில் 55, ஒவ்வொன்றிலும் அதற்கு ஒரு மணி நேரம், மொத்தத்தில் 45 விழுக்காடு. மீதி 55 விழுக்காடு மூன்று கட்டுரைகளுக்கு. லாங்கின் சரிபாதிக்குச் சற்றுக் குறைவான கேள்விகள், ஒரு மாணவர் எழுதிய வரைவைக் கொடுத்து, இந்த வாக்கியத்தை எங்கே நகர்த்தலாம், இங்கே எந்தச் சான்று பொருந்தும் என்று எடிட்டர் வேலை பார்க்கச் சொல்பவை. லிட்டில் அது கிடையாது, உரைநடையும் கவிதையும் மட்டும். கட்டுரை ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளி: கருத்தைத் தெளிவாக முன்வைத்ததற்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் 4, சிந்தனையின் நுட்பத்துக்கு 1. நம் பிள்ளைகள் வழுக்குவது அந்த நான்கில்தான். கதையைத் திருப்பிச் சொல்லிவிட்டு விளக்கம் எழுதியதாக நினைத்துக்கொள்கிறார்கள். மனப்பாடத்தில் தேறி வளர்ந்த அப்பா அம்மாக்கள் நாம், அந்த வாசனை கொஞ்சம் வீட்டிலேயே இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இனி கிரெடிட். கடிதம் எழுதும் பெரும்பாலோர் மனத்தில் ஒரு கூட்டல் கணக்கு ஓடுகிறது: இரண்டு தேர்வும் எழுதினால் இரண்டு மடங்கு கிரெடிட். நடைமுறை அப்படி இல்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் எல்லா வளாகங்களுக்கும் பொதுவான விதியைப் பாருங்கள். இரண்டில் எதில் 3 வாங்கினாலும் 8 குவாட்டர் யூனிட். இரண்டிலும் வாங்கினாலும் அதே 8 யூனிட்தான், அதற்குமேல் கிடையாது. ஜார்ஜியா டெக்கில் எந்த ஆங்கிலத் தேர்வானாலும் 4 அல்லது 5 வாங்கினால் முதல் ஆங்கில வகுப்பு கழிந்துவிடும். இரண்டாம் வகுப்பில் போய் உட்காரத்தான் வேண்டும். ஃப்ளோரிடா மாநிலக் கல்லூரிகளில் லாங்கில் 3 என்றால் ஒரு வகுப்பு, 4 அல்லது 5 என்றால் இரண்டு வகுப்பு. டெக்ஸாஸில் 2015-இல் வந்த ஒரு சட்டப்படி, அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக 3-க்கே கிரெடிட் தரவேண்டும், கூடுதலாகக் கேட்கவேண்டுமென்றால் காரணத்தைச் சான்றோடு காட்டவேண்டும். இன்னொரு கோடியில் டார்ட்மத் கல்லூரி. 2014-இல் சேர்ந்த மாணவர்கள் தொடங்கி, பட்டத்துக்கான கணக்கில் ஏ.பி.-யைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டது. பிரவுனிலும் பட்டத்துக்கான கிரெடிட்டாக அது செல்லாது.

இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம் உண்டு. சில இடங்களில் கிரெடிட் தருவார்கள், ஆனால் முதலாண்டு எழுத்து வகுப்பிலிருந்து விலக்குத் தரமாட்டார்கள். ஏட்டில் மூன்று கிரெடிட் ஏறும், வகுப்பு குறையாது. பொறியியல் மாணவருக்கு அது வெறும் எண்தான். ஆகவே பல்கலைக்கழகத்தின் ஏ.பி. அட்டவணையைப் பார்க்கும்போது எத்தனை கிரெடிட் என்ற கட்டத்தோடு நிற்காதீர்கள். அதற்குப் பக்கத்தில், எந்த வகுப்புக்கு ஈடாகக் கொள்கிறார்கள், எந்தக் கட்டாயத்தை நிறைவேற்றியதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்ற கட்டம் இருக்கும். அதைப் படியுங்கள். மருத்துவக் கனவு இருக்கும் வீடுகளுக்கு இன்னொரு சொல்: மருத்துவக் கல்லூரிகளில் பல, ஆங்கிலத்துக்கு ஏ.பி. கிரெடிட்டை மட்டும் காட்டினால் ஏற்பதில்லை. கல்லூரியிலேயே எழுத்து சார்ந்த வகுப்பு எடுத்திருக்கவேண்டும் என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு மே மாதத்து 5 மதிப்பெண் மிச்சப்படுத்திக் கொடுப்பது மிகக் குறைவு.

எது சுலபம் என்ற கேள்விக்கு ஊரில் ஒரு பதில் உலவுகிறது: லிட் கடினம், அதில் பாதிப் பேர் தேறுவதில்லை. இது ஒரு காலத்தில் உண்மை. 2021-இல் லிட் எழுதியவர்களில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் பாதிக்கும் குறைவு. அடுத்த ஆண்டே அது முக்கால் பங்கைத் தாண்டிவிட்டது. ஒரே ஆண்டில் நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கவிதை ரசிகர்களாகிவிடவில்லை. மதிப்பெண் எல்லைகளைக் காலேஜ் போர்டு மறுபடி வகுத்தது, அவ்வளவுதான். மூத்த மகன் காலத்துப் புள்ளிவிவரத்தை வைத்து இளைய மகளுக்கு முடிவெடுப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். போதாததற்கு, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதும் லாங்கையும், அதைவிடக் குறைவானவர்கள் எழுதும் லிட்டையும் விழுக்காட்டை மட்டும் பார்த்து ஒப்பிடுவதில் பெரிய பொருளும் இல்லை. பள்ளி கட்டாயப்படுத்தியதால் லாங் எழுதுபவர்கள் ஏராளம்.

சரி, என் முடிவு என்ன? ஒன்றுதான் எடுக்கமுடியும் என்றால் லாங் என்று சொல்வேன். இலக்கியப் பத்திரிகை ஆசிரியர் இப்படிச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் நாள்காட்டியில் இருக்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் லாங் பதினோராம் வகுப்பில், லிட் பன்னிரண்டாம் வகுப்பில். பதினொன்றில் எழுதிய தேர்வின் முடிவு ஜூலையில் வந்துவிடும், இலையுதிர் காலத்தில் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போது காட்டலாம். பன்னிரண்டில் எழுதுவதன் முடிவு வரும்போது பிள்ளை எந்தக் கல்லூரி என்று முடிவாகி, விடுதி அறைக்குப் போர்வை வாங்கிக்கொண்டிருக்கும். சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் உதவாது. அந்த வகுப்பை எடுத்தது மட்டும் டிரான்ஸ்கிரிப்டில் தெரியும். தவிர, கல்லூரி முதலாண்டில் எல்லோருக்கும் உள்ள எழுத்து வகுப்பு லாங்கின் உடன்பிறப்பு. அங்கே கேட்பதும் சான்றைத் தேடு, எடைபோடு, வாதாடு என்பதுதான்.

லாங் எழுதி ஒரு நல்ல மதிப்பெண் வந்துவிட்டால், கிரெடிட் கணக்கு பெரும்பாலான வீடுகளில் அங்கேயே முடிந்துவிடுகிறது. இதை நம் பெற்றோர் நட்டமாகப் பார்க்கிறார்கள். "கிரெடிட் கிடைக்காத லிட் எதற்கு? அந்த இடத்தில் இன்னொரு கம்ப்யூட்டர் சயின்ஸ் போடலாமே." எனக்கு அது விடுதலையாகத் தெரிகிறது. எட்டாம் வகுப்பிலிருந்து எதைச் செய்தாலும் விண்ணப்பத்தில் எப்படித் தெரியும் என்று கணக்குப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு, லாபம் எதுவும் இல்லாததாலேயே தன் விருப்பத்துக்கு எடுக்கக்கூடிய பாடம் ஒன்று கடைசி ஆண்டில் வாய்க்கிறது. டோனி மாரிசனை ஒரு வகுப்பறையில் இருபது பேரோடு சேர்ந்து, ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் என்று படிப்பது பொறியியல் கல்லூரியில் மறுபடி கிடைக்குமா தெரியாது. புத்தகமே பிடிக்காத பிள்ளையை இதில் தள்ளாதீர்கள். அவன் லாங்கோடு நிற்கட்டும், வானம் இடிந்து விழாது. ஆனால் இரவில் போர்வைக்குள் டார்ச் அடித்து நாவல் படித்த பெண் உங்கள் வீட்டில் இருந்தால், அவளிடமிருந்து லிட்டைப் பறித்துவிடாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்காக இன்னும் ஒரு செய்தி. லிட்டின் மூன்றாவது கட்டுரையோடு சுமார் நாற்பது நூல்களின் பட்டியல் ஒன்று வரும். அதில் உள்ளதைத்தான் எழுதவேண்டும் என்று கட்டாயம் இல்லை, நூலுக்கு இலக்கியத் தகுதி இருந்தால் போதும். ரஷ்ய நாவல்களும் கார்சியா மார்க்வெஸும் மொழிபெயர்ப்பில்தான் அந்தப் பட்டியலில் இடம்பெற்று வருகின்றன. அப்படியிருக்க, லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்த்த அசோகமித்திரனின் 'தண்ணீர்' பற்றியோ, அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்த்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' பற்றியோ ஒரு பிள்ளை எழுதினால் விதி தடுக்காது. திருத்துபவருக்கு அந்த நூல் தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் கதைச்சூழலை இரண்டு வாக்கியத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டுத் தொடங்கவேண்டும், வகுப்பு ஆசிரியரிடமும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளவேண்டும். தமிழுக்கு ஏ.பி. தேர்வே இல்லாத நாட்டில், தமிழ் நாவல் ஒன்று ஏ.பி. தேர்வுக்குள் நுழைய இது ஒரு பக்கவாட்டுக் கதவு.

மற்ற வழிகளைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) பள்ளியில் படிப்பவர்களுக்கு அங்கேயும் இதே பிரிவு இருக்கிறது, லிட்டரேச்சர் தனியாக, லாங்குவேஜ் அண்ட் லிட்டரேச்சர் தனியாக. கிரெடிட் பெரும்பாலும் ஹையர் லெவலுக்கே. காலேஜ் போர்டே கல்லூரி கிரெடிட்டுக்காக நடத்தும் கிளெப் தேர்வைச் சமுதாயக் கல்லூரிகளும் பல அரசுக் கல்லூரிகளும் ஏற்கின்றன, போட்டி மிகுந்த பல்கலைக்கழகங்கள் பல ஏற்பதில்லை. பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி வகுப்பு எடுக்கும் டூயல் என்ரோல்மென்ட்டில் ஒரே நாள் தேர்வின் பதற்றம் இல்லை, ஆனால் வெளிமாநிலப் பல்கலைக்கழகம் அந்தக் கிரெடிட்டை ஏற்குமா என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும்.

தேர்வுக்குப் பதிவு செய்யப் பள்ளிகள் வைக்கும் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் நடுவில் முடிகிறது. கட்டணம் ஏறக்குறைய 100 டாலர், வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் லிட் படிப்பவர்கள் பதிவு செய்துவிடுவதே நல்லது. மே மாதத் தேர்வுக்குள் எந்தக் கல்லூரி என்பது தெரிந்துவிடும். அந்தக் கல்லூரியின் அட்டவணையைப் பார்த்துவிட்டு, தேர்வு எழுதுவதில் பயனில்லை என்றால் பள்ளியிடம் கேட்டு விலகிக்கொள்ளலாம். ஒரு சிறு அபராதக் கட்டணம் போகும். சில பள்ளிகள் வகுப்பை எடுத்தவர்கள் தேர்வையும் எழுதியே தீரவேண்டும் என்று வைத்திருக்கின்றன, அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி இதழின் இளையோர் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மொழிபெயர்ப்பிலோ மூலத்திலோ தமிழ் நாவல் ஒன்றைப் படித்த உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், அதில் வரும் ஒரு பாத்திரத்தைப் பற்றி லிட் மூன்றாம் கட்டுரைக் கணக்கில் நாற்பது நிமிடத்துக்குள் எழுதி அனுப்புங்கள். தமிழிலும் எழுதலாம், ஆங்கிலத்தில் எழுதினால் நாங்கள் தமிழாக்கிப் போடுகிறோம். கதைச்சுருக்கம் மட்டும் வேண்டாம், அது எங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
ஆசிரியர்